கோர்ட்டில் ஜெயித்தும் கேட் திறக்கவில்லை

இந்தப் பக்கம் வந்து ரொம்ப நாளாகிவிட்டது. ஆபீசில் ஆணி அதிகம். ஊரிலிருந்து போன் செய்கிறவர்கள் எல்லாம் "அப்படி என்னதான் கண்ணு வேல பாக்குற?" என்று கேட்கிறார்கள். வெளிநாட்டில் இருந்தும் நான் பொட்டி தட்டுகிறவன் இல்லை என்பதே பாதிப் பேருக்கு நம்ப முடியாத செய்தி. இங்கிலாந்தில், பர்மிங்ஹாமுக்குப் பக்கத்தில், சட்னி, சாஸ் வகையறாக்களைப் பாட்டிலில் அடைத்து விற்கிற ஒரு சின்னத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாடு என் வேலை. பாட்டிலுக்குள் என்ன போகிறது என்று பார்ப்பது முக்கால்வாசி. போகக்கூடாதது போய்விட்டால் ஊருக்கு என்ன சொல்வது என்று பார்ப்பது மீதிக் கால்வாசி. இன்றைக்கு அந்தக் கால்வாசியைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

இங்கே பெரிய கடைகளுக்குச் சரக்கு போட வேண்டுமென்றால் பி.ஆர்.சி. என்கிற தரச்சான்று கேட்பார்கள். அதில் ஒரு விதி: வருடத்துக்கு ஒருமுறையாவது, சரக்கைத் திரும்பப் பெறுகிற ஒத்திகை நடத்த வேண்டும். ஏதோ ஒரு பாட்டிலைக் கையில் கொடுத்து, இது எந்த நாள் தயாரானது, எந்த மூட்டை மிளகாய், எந்த லாரியில் எந்தக் கடைக்குப் போனது என்று கேட்பார்கள். நாலு மணி நேரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். நிஜமாகவே சரக்கைத் திரும்பப் பெறும்படி ஆகிவிட்டால், மூன்று வேலை நாட்களுக்குள் சான்று கொடுத்தவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும்.

எங்கள் மேலாளர் அம்மணி இந்த ஒத்திகையை எப்போதும் வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குத்தான் வைப்பார். எல்லோரும் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்புகிற நேரம். பிரச்சினை என்ன திங்கட்கிழமை காலையில் நாம் டீ குடித்து முடிக்கும்வரை காத்திருந்தா வரப் போகிறது என்பது அவர் கட்சி. ஒத்திகையில் பாட்டிலைத் தேடுவது சுலபமான பகுதி. அதெல்லாம் கம்ப்யூட்டரில் இருக்கிறது. அடுத்த பகுதிதான் வயிற்றைக் கலக்கும். பக்கத்து அறையிலிருந்து ஒருவர் போன் செய்வார். பத்திரிகைக்காரர் மாதிரி பேசுவார். அப்புறம் ஒரு குழந்தையின் அம்மா மாதிரி பேசுவார். "உங்க பாட்டில்ல கண்ணாடித் துண்டு இருந்துச்சு. எம் புள்ள சாப்பிட்டுட்டான். இப்ப நான் என்ன செய்யணும்?" இதற்கு வாயைத் திறந்து பதில் சொல்ல வேண்டும். நாடகம் என்று தெரியும். இருந்தாலும் கை வியர்க்கும்.

இதற்கென்று வகுப்புகளும் உண்டு. எல்லா வகுப்பிலும் ஒரே கதையில்தான் ஆரம்பிப்பார்கள். 1982-இல் சிகாகோ பக்கம், டைலெனால் மாத்திரையில் யாரோ சயனைடு கலந்து ஏழு பேர் இறந்தார்கள். ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனம் கிட்டத்தட்ட 3 கோடியே 10 லட்சம் பாட்டில்களைத் திரும்பப் பெற்றது. பிரித்தால் தெரிந்துவிடுகிற மூடியோடு மறுபடி கடைக்கு வந்தது. ஜனங்கள் நம்பி வாங்கினார்கள். சுபம். அடுத்தது எங்கள் தொழிலுக்கு நெருக்கமான கதை: 2005 பிப்ரவரியில், சூடான்-1 என்கிற தடைசெய்யப்பட்ட சிவப்புச் சாயம் கலந்த மிளகாய்த்தூள் ஒரு சாஸுக்குள் போய், அந்த சாஸ் வேறு பொருட்களுக்குள் போய், பிரிட்டன் கடைகளிலிருந்து நானூறுக்கும் மேற்பட்ட பொருட்களை அள்ள வேண்டியதாயிற்று.

நல்ல பாடங்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு தடவையும் இந்தக் கதைகளைக் கேட்கும்போது என் மனசு சிகாகோவுக்குப் போகாது. சித்தூர் தாலுகாவுக்குத்தான் போகும்.

எங்கள் ஊர் எருத்தேன்பதி. பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகாவின் கிழக்கு ஓரம். தாண்டினால் பொள்ளாச்சிப் பக்கம். வீட்டிலும் சந்தையிலும் தமிழ், அரசாங்க ஆபீசில் மலையாளம். கேரளா என்றதும் மழையும் பச்சையும் நினைவுக்கு வருகிறவர்கள் ஒருமுறை மார்ச் மாதத்தில் எங்கள் பக்கம் வந்து பார்க்க வேண்டும். மழை மறைவுப் பிரதேசம். மற்ற கேரளத்துக்குப் பெய்கிற மழையில் எங்களுக்கு வருவது மிச்சம் மீதிதான். பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தப்படி கேரளாவுக்கு வருடத்துக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் மணக்கடவில் அளந்து விட வேண்டும். அந்தத் தண்ணீர் வருகிறதா இல்லையா என்பது எங்கள் பக்கத்தில் டீக்கடை பேச்சு. தமிழ்நாட்டிடமும் கேட்க வேண்டும், கேரளாவிடமும் கேட்க வேண்டும். ரெண்டு முதலமைச்சர்களிடம் தண்ணீர் கேட்கிற ஜனம் நாங்கள்.

அதே தாலுகாவில், பெருமாட்டி பஞ்சாயத்தில் இருக்கிறது பிளாச்சிமடா. பேரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். இந்துஸ்தான் கோகோ கோலா நிறுவனம் 2000-ஆம் வருடம் அங்கே குளிர்பானத் தொழிற்சாலை ஆரம்பித்தது. முப்பத்துச் சொச்சம் ஏக்கர் நிலம், தண்ணீருக்கு ஆழ்துளைக் கிணறுகள். சுற்றிலும் இரவாளர், மலசர் போன்ற பழங்குடி மக்களின் குடியிருப்புகளும் விவசாயிகளின் தோட்டங்களும். கொஞ்ச நாளிலேயே கிணற்றுத் தண்ணீர் குறைகிறது, இருக்கிற தண்ணீரும் வாயில் வைக்க முடியவில்லை, பருப்பு வேகமாட்டேன் என்கிறது என்று பெண்கள் சொல்ல ஆரம்பித்தார்கள். 2002 ஏப்ரல் 22-இல் தொழிற்சாலைக்கு எதிரே பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். அவர்களில் ஒருவர் மயிலம்மா, பிளாச்சிமடா என்றாலே நினைவுக்கு வருகிற முகம். 2007 ஜனவரியில் காலமானார்.

பந்தல் போட்ட நாளிலிருந்து என்ன நடந்தது என்பதை, இப்போது கேட்டுக்கு உள்பக்கம் உட்கார்ந்து சம்பளம் வாங்குகிற ஒருத்தனாகப் பார்க்கிறேன். அப்படிப் பார்க்கும்போது ரெண்டு விஷயம் கண்ணில் குத்துகிறது.

முதலாவது, கழிவு. தொழிற்சாலையிலிருந்து வந்த சேற்றுக் கழிவு, உரம் என்ற பெயரில் விவசாயிகளுக்குக் கொடுக்கப்பட்டது. 2003 ஜூலையில் பி.பி.சி. வானொலி நிகழ்ச்சி ஒன்று அதன் மாதிரியை எடுத்துவந்து எக்ஸெட்டர் பல்கலைக்கழகத்தில் சோதித்தது. ஈயமும் காட்மியமும் இருந்தன. நிறுவனத்தின் பதில், அது பாதுகாப்பானது என்பது. அடுத்த மாதமே கேரள மாசுக்கட்டுப்பாட்டு வாரியமும் காட்மியத்தைக் கண்டது. கழிவை வெளியே கொடுப்பதை நிறுத்தச் சொன்னது. ஒரு மாதம்! "பாதுகாப்பானது" என்ற சொல்லின் ஆயுள் அவ்வளவுதான்.

இங்கே எங்கள் தொழிற்சாலையில் ஒரு மூட்டை வெங்காயத் தோலை பன்றிப் பண்ணைக்குக் கொடுப்பதென்றால்கூட நாலு காகிதம் வேண்டும். என்ன கொடுக்கிறோம், அதில் என்ன இருக்கிறது, யாருக்குப் போகிறது. இந்த மூன்றும் கையில் இல்லாமல் ஒரு பொருளை ஜனங்களின் வயலுக்கு அனுப்பியபிறகு, பத்திரிகைக்காரன் கேட்கும்போது எந்த மொழியில் எவ்வளவு அழகாகப் பேசினால் என்ன?

ரெண்டாவது, மழை. தண்ணீர் குறைந்ததற்கு மழை பொய்த்ததுதான் காரணம் என்பது தொழிற்சாலைத் தரப்பின் வாதம். அந்த வருடங்களில் மழை குறைவு என்பது உண்மைதான். எங்கள் ஊர்க்காரனுக்கு அதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் கிணற்றடியில் குடத்தோடு நிற்கிற பெண் கேட்ட கேள்வி, "மழை பெஞ்சுதா?" என்பது இல்லை. "நீங்க எவ்வளவு எடுக்கறீங்க? எங்களுக்கு எவ்வளவு மிஞ்சும்?" என்பது. கேட்காத கேள்விக்கு உண்மையான பதில் சொல்வது பொய் சொல்வதைவிட மோசம் என்று நான் நினைக்கிறேன். பொய் என்றால் கேட்பவருக்குக் கோபம் மட்டும் வரும். இதில் கூடவே, நம்மை இவர்கள் மனுஷனாகவே மதிக்கவில்லை என்கிற எண்ணமும் வரும்.

அப்புறம் நடந்தது ஊரறிந்த வரலாறு. 2003 ஏப்ரலில் பெருமாட்டி பஞ்சாயத்து உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. வழக்கு உயர்நீதிமன்றத்துக்குப் போனது. 2003 டிசம்பர் 16-இல் நீதிபதி கே. பாலகிருஷ்ணன் நாயர், நிலத்தடி நீர் பொதுச் சொத்து, அரசு அதற்குப் பாதுகாவலர் மட்டுமே என்று தீர்ப்பளித்தார். 2004 ஜனவரியில் அதே பாலக்காடு மாவட்டத்தில் உலகத் தண்ணீர் மாநாடு நடந்தது. மேதா பட்கர் வந்தார். பிரான்சிலிருந்து ஜோஸ் போவே, கனடாவிலிருந்து மாட் பார்லோ வந்தார்கள். பஸ் நின்றால் இறங்க நாலு பேர் இல்லாத ஊர், உலக வரைபடத்தில் ஏறிவிட்டது. 2004 மார்ச்சில் உற்பத்தி நின்றது.

இங்கேதான் நான் சொல்ல வந்த விஷயம் இருக்கிறது. 2005 ஏப்ரலில் உயர்நீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகள் அமர்வு முந்தைய தீர்ப்பை மாற்றியது. மழை சரியாகப் பெய்கிற வருடத்தில் நாளொன்றுக்கு 5 லட்சம் லிட்டர் வரை எடுத்துக்கொள்ளலாம் என்றது. அதாவது கம்பெனி கோர்ட்டில் ஜெயித்தது. ஜெயித்து என்ன? பழையபடி அங்கே உற்பத்தி திரும்பவே இல்லை. வழக்கு உச்ச நீதிமன்றத்தில் கிடந்தது. 2017 ஜூலையில், பிளாச்சிமடாவில் மறுபடி தொடங்கும் எண்ணமில்லை என்று நிறுவனமே அங்கே சொல்லிவிட்டது.

பன்னிரண்டு வருடம் கையில் தீர்ப்பு இருந்தும் தொழிற்சாலை ஓடவில்லை. சட்டத்துக்குப் பதில் சொல்ல வக்கீல் போதும். ஊருக்குப் பதில் சொல்ல, முதல் நாளிலிருந்தே உண்மை கையில் இருக்க வேண்டும். தயாரிப்பு என்று எதையாவது சொல்வதானால் அதைத்தான் சொல்வேன். பத்திரிகை அறிக்கை எழுதிப் பழகுவதெல்லாம் அப்புறம்.

இதை மட்டும் படித்துவிட்டு, பெரிய கம்பெனி எல்லாமே இப்படித்தான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அதே 2003-ஆம் வருடம், அக்டோபரில், மும்பையில் கேட்பரி சாக்லெட்டில் புழு இருந்ததாக மகாராஷ்டிர உணவு மற்றும் மருந்து நிர்வாகம் சொன்னது. கம்பெனியின் முதல் பதில் என்ன தெரியுமா? கடைக்காரர்கள் சரியாக வைக்கவில்லை. (மழை பெய்யவில்லை மாதிரியே இல்லை?) தீபாவளி நேரம் வேறு, விற்பனை படுத்துவிட்டது. ஆனால் சீக்கிரமே சுதாரித்துக்கொண்டார்கள். 'விஸ்வாஸ்' என்று ஒரு திட்டம் போட்டு, லட்சக்கணக்கான கடைக்காரர்களுக்கு எப்படி வைத்து விற்பது என்று சொல்லிக் கொடுத்தார்கள். 2004 ஜனவரியில், செலவு அதிகமானாலும் பரவாயில்லை என்று, காற்றுப் புகாமல் ஒட்டிய புது உறையைக் கொண்டுவந்தார்கள். அதற்குப் பிறகுதான் அமிதாப் பச்சன் டி.வி.யில் வந்து சாப்பிட்டுக் காட்டினார். வரிசையைக் கவனியுங்கள். முதலில் உறை, அப்புறம் அமிதாப். உறையை மாற்றாமல் அமிதாப்பை மட்டும் கூப்பிட்டிருந்தால் அடுத்த புழு அவர் பேரையும் சேர்த்துத் தின்றிருக்கும்.

2015-இல் மேகி. உத்தரப்பிரதேசத்தில் பாராபங்கியில் எடுத்த மாதிரியில், அனுமதித்த 2.5-க்குப் பதில் 17.2 பி.பி.எம். ஈயம் என்று அறிக்கை. மே மாதம் முழுக்க டி.வி.யில் இதே பேச்சு. நெஸ்லே தரப்பிலிருந்து, எங்கள் சோதனையில் எல்லாம் சரியாக இருக்கிறது என்கிற ரீதியில் அளந்து அளந்து நாலு வரி. உலகத் தலைமை அதிகாரி டெல்லிக்கு வந்து பத்திரிகையாளர்கள் முன்னால் உட்கார்ந்தது ஜூன் 5-ஆம் தேதி. அன்றைக்குத்தான் நாடு முழுக்கத் தடையும் வந்தது. ஆகஸ்டில் மும்பை உயர்நீதிமன்றம் தடையை ரத்து செய்தது. சோதித்த ஆய்வகங்களுக்கு முறையான அங்கீகாரம் இல்லை, கம்பெனியிடம் விளக்கம் கேட்கவில்லை என்றது. மறுசோதனையில் தேறி நவம்பரில் கடைக்கு வந்துவிட்டார்கள். அதாவது மேகியின் பக்கம் நியாயம் இருந்திருக்கிறது. இருந்தும் முப்பதாயிரம் டன்னுக்கு மேல் அழிக்க வேண்டியிருந்தது. கையில் நல்ல பதில் இருந்தும் நேரத்தில் சொல்லாவிட்டால், பதில் இல்லாதவனுக்கு ஆகிற நஷ்டமேதான் நமக்கும் ஆகும்.

சரி, இதெல்லாம் பெரிய இடத்து சமாச்சாரம், நமக்கென்ன என்று நினைக்கிறீர்களா? நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், போன வருடம் மச்சானிடமிருந்து போன் வரும்வரை.

மச்சான் எல்லைக்கு அந்தப் பக்கம் தென்னை நார் மில் வைத்திருக்கிறார். தேங்காய் மட்டையிலிருந்து நார் எடுத்தபிறகு மிஞ்சுகிற தூளைக் கழுவி, கட்டியாக்கி ஏற்றுமதிக்குக் கொடுக்கிற தொழில். தூளில் உப்பு அதிகம். அதைக் கழுவித் தள்ளினால்தான் வெளிநாட்டுக்காரன் வாங்குவான். கழுவிய தண்ணீர் டீ டிக்காஷன் நிறத்தில் இருக்கும். பொள்ளாச்சிப் பக்கம் இந்தத் தண்ணீரைப் பற்றிப் புகார் வராத வருடம் இல்லை. பக்கத்துத் தோட்டத்தில் கிணற்றுத் தண்ணீர் பழுப்பாகிவிட்டது என்று ஒரு பையன் போனில் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டான். ஒரே ராத்திரியில் அது பத்து குரூப் சுற்றிவிட்டது.

"மாப்ள, நீதான் இங்கிலீஸ் கம்பெனியில இதெல்லாம் எழுதறியாமா. நம்ம மேல தப்பில்லைன்னு நறுக்குனு ஒரு பேப்பர் எழுதிக் குடு. நாளைக்கே குரூப்ல போட்டு வாயை அடச்சுப்போடறேன்."

"எழுதறனுங்க மச்சான். அதுக்கு முன்ன நாலு கேள்வி. ஒரு நாளைக்கு எத்தன லிட்டர் தண்ணில கழுவறீங்க?"

"அது... மோட்டார் ஓடற வரைக்கும்."

"கழுவுன தண்ணி எங்க போகுது?"

"குழிக்குத்தான்."

"குழிக்கு அடியில தார்ப்பாய் கீர்ப்பாய் போட்டிருக்கீங்களா?"

பேச்சில்லை.

"அந்தத் தோட்டத்துக் கிணத்துத் தண்ணியச் சோதிச்சீங்களா?"

"ஏம் மாப்ள, நீ நம்ம பக்கமா, அவுங்க பக்கமா?" மச்சான் குரல் ஏறிவிட்டது.

எனக்கும் கொஞ்சம் சுருக்கென்றுதான் இருந்தது. கல்யாணத்துக்குப் பொண்ணு பார்த்ததிலிருந்து என் விமான டிக்கெட் வரைக்கும் கூட நின்ற மனுஷன். ஆனால் என்ன எழுதுவது? தப்பில்லை என்று அவருக்கே தெரியாது. தப்பு என்றும் தெரியாது. தெரியாததை நறுக்கென்று எழுதிக் கொடுத்தால் நாளைக்கு ஆய்வக ரிப்போர்ட் வரும்போது அந்தக் காகிதம் அவர் கழுத்தைத்தான் நறுக்கும். அதைத்தான் சொன்னேன். போனை வைத்துவிட்டார்.

ரெண்டு நாள் கழித்து அக்கா பேசினாள். மச்சான் மூன்று கிணற்றிலிருந்தும் தன் போரிலிருந்தும் பாட்டிலில் தண்ணீர் பிடித்து கோயம்புத்தூரில் ஒரு ஆய்வகத்தில் கொடுத்திருக்கிறார். ரிப்போர்ட் வந்தது. குடிநீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியில்லை என்றால் 2000 வரை போகலாம் என்பது இந்தியத் தர அளவு. மில்லை ஒட்டிய ரெண்டு கிணறும் 2000-ஐத் தாண்டிவிட்டன. பழுப்பு நிறமும் இருந்தது. தூரத்தில் இருந்த மூன்றாவது கிணற்றிலும் உப்பு அதிகம், ஆனால் நிறமில்லை. எங்கள் மண்ணே அப்படி. ஆக, பாதி அவர் தப்பு, பாதி பூமியின் குணம். இனிமேல்தான் எழுத முடியும் என்று உட்கார்ந்து எழுதிக் கொடுத்தேன். மொத்தமே இவ்வளவுதான்:

"நம்ம மில்லை ஒட்டி இருக்கிற ரெண்டு கிணற்றிலும் தண்ணீர் கெட்டிருக்கிறது. மில் தண்ணீர் இறங்கியதால் என்று ரிப்போர்ட்டைப் பார்த்தால் தெரிகிறது. ரிப்போர்ட் நகல் மில்லில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். இன்றிலிருந்து தூள் கழுவுவதை நிறுத்தியிருக்கிறேன். தொட்டிக்குத் தார்ப்பாய் போட்டபிறகுதான் ஓட்டுவேன். அதுவரைக்கும் ரெண்டு வீட்டுக்கும் தினமும் குடிதண்ணீர் என் செலவில் வரும். அடுத்த மாதம் முதல் தேதி மறுபடி சோதித்து, வந்ததைச் சொல்கிறேன். மூன்றாவது கிணற்றுக்குக் காரணம் இன்னும் தெரியவில்லை. தெரிந்ததும் சொல்கிறேன்."

குரூப்பில் போடுவதற்கு முன்னால் அந்த ரெண்டு வீட்டுக்கும் நேரில் போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள் என்றேன். போனார். ஒரு வீட்டில் காப்பி கொடுத்தார்கள். இன்னொரு வீட்டில் உட்காரச் சொல்லக்கூட இல்லை. இன்றைக்கும் அந்த வீட்டோடு பேச்சுவார்த்தை கிடையாது. கிணறு தெளிய எத்தனை மழை ஆகுமோ. நல்லபடியாகப் பேசினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் மில் ஓடுகிறது. வேலைக்கு வருகிற பதினைந்து பேரும் அதே ஊர்க்காரர்கள். தலை நிமிர்ந்து வருகிறார்கள்.

சின்னதோ பெரிதோ தொழில் வைத்திருக்கிறவர்களுக்கு, ஒத்திகை நடத்தி நடத்தி எனக்குத் தெரிந்ததைக் கீழே தருகிறேன். காசா பணமா!

1. பிரச்சினை இல்லாத நாளில் ஒரு நோட்டு எடுத்து, உங்களிடம் யாரும் கேட்டுவிடக்கூடாது என்று நீங்கள் பயப்படுகிற பத்துக் கேள்விகளை எழுதுங்கள். எவ்வளவு தண்ணீர் எடுக்கிறோம், கழிவு எங்கே போகிறது, கடைசியாக எப்போது சோதித்தோம், யாருக்காவது உடம்புக்கு வந்தால் யாரைக் கூப்பிடுவது. எதிரே பதில் எழுதுங்கள். எண் இல்லாத பதில் எல்லாம் பதில் இல்லை. எந்தக் கேள்விக்குப் பதில் எழுதக் கை கூசுகிறதோ அங்கேதான் முதலில் வேலை செய்ய வேண்டும். பேச்சு வேலை இல்லை, குழாய் வேலை.

2. முதல் ஒரு மணி நேரத்தில் சொல்ல வேண்டியவை மூன்றே: எங்களுக்குத் தெரிந்தது இது, தெரியாதது இது, மறுபடி இத்தனை மணிக்குப் பேசுகிறோம். சொன்ன மணிக்குப் பேச வேண்டும், புதிதாக ஒன்றும் இல்லாவிட்டாலும்.

3. பேசுவதற்கு ஒரே ஆளை வையுங்கள். அவருக்கு மாற்றாக இன்னொருவரையும் இப்போதே சொல்லி வையுங்கள். (முதல் ஆள் அன்றைக்குப் பார்த்து திருப்பதியில் இருப்பார்!) வக்கீலிடம் காட்டிவிட்டுப் பேசலாம். வக்கீலையே பேச விடாதீர்கள். அவர் கோர்ட்டுக்குப் பேசுவார், கிணற்றடிக்குப் பேசத் தெரியாது.

4. பாதிக்கப்பட்டவர் வீட்டில் என்ன மொழி பேசுகிறார்களோ அதில் பேசுங்கள். எங்கள் பக்கம் அதிகாரி மலையாளத்தில் நோட்டீஸ் ஒட்டுவார், ஜனம் தமிழில் திட்டும். ரெண்டும் சந்திக்கவே சந்திக்காது. இங்கே எங்கள் தொழிற்சாலையில் பஞ்சாபி, போலிஷ், குஜராத்தி என்று நாலு மொழியில் ஒரு பக்கக் குறிப்பு தயாராக இருக்கிறது.

5. வெளியே சொல்வதற்கு முன் உள்ளே சொல்லுங்கள். கேட்டில் நிற்கிற வாட்ச்மேனிடமும் லாரி டிரைவரிடமும்தான் ஊர் முதலில் கேட்கும். அவர்கள் "எனக்கென்னங்க தெரியும்" என்று சொன்னாலே ஏதோ மறைக்கிறார்கள் என்று ஆகிவிடும்.

6. சோதனையை உங்கள் ஆள் செய்தால் அது உங்களுக்காக. வெளி ஆய்வகம் செய்தால்தான் ஊருக்காக. முடிந்தால் மாதிரி எடுக்கும்போது பாதிக்கப்பட்டவரையும் பக்கத்தில் நிற்க வையுங்கள். பாட்டிலில் அவர் கையெழுத்தும் இருக்கட்டும்.

7. "எங்களுக்கு எந்தப் புகாரும் வரவில்லை" என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். 2024 ஏப்ரலில் ஹாங்காங்கும் சிங்கப்பூரும் எம்.டி.எச்., எவரெஸ்ட் மசாலாக்களில் எத்திலீன் ஆக்சைடு இருப்பதாகச் சொன்னபோது, எம்.டி.எச். அதை மறுத்ததோடு, அந்த நாடுகளிடமிருந்து தங்களுக்குத் தகவலே வரவில்லை என்றும் சொன்னது. இங்கே எங்கள் தெருவில் இந்திய மளிகைக் கடைக்காரர் அலமாரி முன்னால் முழித்துக்கொண்டு நின்றார். வாங்க வந்தவர்களுக்கு வேண்டியிருந்தது, இந்தப் பாக்கெட்டை வாங்கலாமா கூடாதா என்பது மட்டும்தான்.

இதையெல்லாம் எழுதிவிட்டுப் பார்த்தால் பிளாச்சிமடாவின் மீதிக் கதையைச் சொல்லாமல் விட்டது உறுத்துகிறது. 2009-இல் கேரள அரசு கே. ஜெயகுமார் தலைமையில் உயர்மட்டக் குழு அமைத்தது. விவசாயம், உடல்நலம், தண்ணீர் எல்லாம் சேர்த்து நஷ்டம் சுமார் 216 கோடி ரூபாய் என்று 2010-இல் அந்தக் குழு கணக்குச் சொன்னது. அந்த இழப்பீட்டை வாங்கித்தர ஒரு தீர்ப்பாயம் அமைக்க 2011 பிப்ரவரியில் சட்டமன்றம் மசோதா நிறைவேற்றியது. குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்கவில்லை. தொழிற்சாலை போய்விட்டது. பணம் வரவில்லை. பந்தலில் உட்கார்ந்திருந்தவர்களில் பலர் இப்போது உயிரோடு இல்லை.

2025 ஜனவரியில், அதே பாலக்காடு மாவட்டத்தில் எலப்புள்ளியில் மதுபான ஆலைக்குக் கேரள அமைச்சரவை அனுமதி கொடுத்தபோது, ஜனங்கள் வாயில் முதலில் வந்த பேர் பிளாச்சிமடா. அந்த ஆலைக்காரர்களுக்கும் கோகோ கோலாவுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இருபது வருடத்துக்கு முன் ஒருவர் சொன்ன பதிலுக்கு இப்போது வேறொருவரும் சேர்த்துப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு ஊரின் நம்பிக்கையைக் கெடுத்தால் கெடுத்தவரோடு அது போவதில்லை. பின்னால் வருகிற நல்லவனுக்கும் அந்தக் கடன் மிச்சம் இருக்கும்.

அடுத்த ஒத்திகை எங்களுக்கு இன்னும் ரெண்டு வாரத்தில். இந்த முறை போனில் அம்மாவாகப் பேசப் போவது நான்தானாம். என்ன கேட்பது என்று இப்போதே எழுதி வைத்துவிட்டேன். "எவ்வளவு? எங்கே? எப்போதிலிருந்து உங்களுக்குத் தெரியும்?" மூன்றே கேள்விதான்.

உங்கள் ஊரில் மில்லோ ஆலையோ இருக்கிறதா? இந்த மூன்றுக்கும் அங்கே யாரிடமாவது பதில் இருக்கிறதா என்று கேட்டுப் பார்த்துச் சொல்லுங்களேன்.